அந்தமானுக்குக் கிளம்பும் முன்: சென்னைக்காரர்களுக்கு ஒரு கையேடு

‘அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.’ ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சென்னையில் இந்த வாக்கியம் காதில் விழாத வீடு கிடையாது. பள்ளிக்கு லீவு உண்டா என்று பார்ப்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. அந்தத் தீவுகளோ மெரினாவுக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, சுமார் 1,360 கி.மீ. தொலைவில் இருக்கின்றன. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். டெல்லி இதைவிடத் தூரம்.

போய்வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். சென்னையின் கடிகாரத்தையும் சென்னையின் கடலையும் மனதில் வைத்துத் திட்டம் போடுகிறார்கள். அங்கே ஒரு நாளை வகுப்பவை சூரியன், ஓதம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது), படகு ஆகிய மூன்றும்தான். அந்தக் கணக்கு பிடிபட்டால் ஆறு நாளில் நிறையப் பார்க்கலாம். பிடிபடாவிட்டால் பத்து நாள் போனாலும் படகு ஜெட்டியில் காத்திருந்ததுதான் நினைவில் நிற்கும்.

முதலில் வரைபடம்

டிக்கெட்டுக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்கிறது அரசுக் கணக்கு. மனிதர்கள் வாழ்வது 31 தீவுகளில். மொத்தப் பரப்பு 8,249 சதுர கி.மீ. வடக்கே அந்தமான் கூட்டம், தெற்கே நிக்கோபார் கூட்டம். நடுவில் சுமார் 150 கி.மீ. அகலமுள்ள பத்து டிகிரிக் கால்வாய். வடகோடியில் உள்ள லேண்ட்ஃபால் தீவிலிருந்து மியான்மரின் கோகோ தீவுகள் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், 50 கி.மீ.கூட வராது. தென்கோடி இந்திரா முனையிலிருந்து சுமத்ரா சுமார் 150 கி.மீ.தான், சென்னைக்கு 1,600 கி.மீ.க்கும் மேல். ஆட்சியால் நம்மோடு சேர்ந்திருந்தாலும், காட்டாலும் மண்ணாலும் அந்தத் தீவுகள் பர்மாவுக்கும் சுமத்ராவுக்கும்தான் பக்கத்து வீடு. கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு மலைத்தொடரின் உச்சிகளே இவை. வடக்கு அந்தமானின் சேடில் சிகரம் 732 மீட்டர் உயரம். தலைநகர் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே பாரன் தீவில் இன்றும் புகையும் எரிமலை இருக்கிறது. இந்தியாவில் உயிரோடுள்ள எரிமலை அது ஒன்றுதான்.

தமிழனுக்கு இந்தத் திசை புதிதில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கடல் கடந்து வென்ற ஊர்களின் வரிசையில் ‘மாநக்கவாரம்’ என்று சொல்வது நிக்கோபாரைத்தான்.

பெயர்க் குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ‘சுவராஜ் தீவு’ ஆனது. நீல் ‘ஷஹீத் தீவு’ ஆனது. ரோஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயரைப் பெற்றது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள். வடக்கு அந்தமானின் திக்லிபூர் அருகே ரோஸ் என்று இன்னொரு தீவும் இருப்பதால், ரோஸுக்கு டிக்கெட் கேட்கும்போது எந்த ரோஸ் என்று சொல்லிக் கேளுங்கள். இந்தக் கையேட்டில் பேச்சில் புழங்கும் பெயர்களையே வைத்திருக்கிறோம்.

எந்த மாதம்

தை, மாசி, பங்குனி. இதைவிட நல்ல பதில் இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை கடல் தட்டுப் போல இருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்தால் பயணம் அமைந்துவிடும். அரையாண்டு விடுமுறைக் காலத்தில் வானிலை பரவாயில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை வாடகையும் விமானக் கட்டணமும் எகிறும்.

முழு ஆண்டு விடுமுறையில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மாதத்தின் மூன்றாவது வாரவாக்கில் அந்தமானைத் தொட்டுவிடும். எனவே மே முதல் வாரத்துக்குள் போய் வந்துவிடுங்கள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையைப் போல இரண்டு மடங்கு. ஆடிக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் ரத்தாவது சகஜம். அப்போது போனால் காடும் மழையும் அழகுதான், ஆனால் பவளப்பாறை பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சூரியன் முந்திக்கொள்ளும்

இந்திய நேரம்தான் அங்கும், ஆனால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னே ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே மறைந்துவிடும். ஜூனில் காலை 5 மணிக்கு முன்பே உதித்துவிடும். ‘நாலு மணி வெயில் தாழட்டும், அப்புறம் பீச்சுக்குப் போகலாம்’ என்ற சென்னைப் பழக்கத்தோடு போனால் இருட்டில்தான் மணலை மிதிப்பீர்கள். காலை 5 மணிக்கு எழுந்து, 6 மணிக்கு வெளியே வந்து, பகல் 11 முதல் 2 வரை ஓய்வெடுத்து, 3 மணிக்கு மறுபடி கிளம்புங்கள். இரவு 9 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சிறு தீவுகளில் அடுப்பு சீக்கிரம் அணையும்.

விமானமா, கப்பலா

முதல்முறை போகிறவர்களுக்கு விமானம்தான் சரி. சென்னையிலிருந்து நேரடி விமானங்கள் நாள்தோறும் உண்டு. காலை விமானத்தையே எடுங்கள். பிற்பகலில் போய் இறங்கினால் அன்றைய பகல் வெளிச்சம் வீண். போகும்போது இடது பக்கமோ வலது பக்கமோ, ஜன்னல் இருக்கையை விடாதீர்கள். இறங்குவதற்குக் கடைசிப் பத்து நிமிடம், பச்சைத் தீவைச் சுற்றி வெளிர்நீல வளையமும் அதைச் சுற்றிக் கருநீலமும் தெரியும். அந்த வெளிர்நீலம்தான் பவளத்திட்டு. பிற்பாடு ஓதம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஒரு காட்சியில் அடக்கம்.

கப்பல் வேறு அனுபவம். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். புறப்படும் தேதிகள் ரயில் அட்டவணை போல நிலையானவை இல்லை. ராஜாஜி சாலையில் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை அலுவலகம் இருக்கிறது, அங்கே விசாரித்துத்தான் நாள் குறிக்க வேண்டும். பங்க் எனப்படும் பொதுக்கூடப் படுக்கை, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் கேபின் என்று வகுப்புகள் உண்டு. பங்க் மலிவு, ஆனால் மூன்று நாள் குழந்தையோடு போகிறவர்கள் கேபினே எடுங்கள். படுக்கை விரிப்பு, போர்வை, செருப்பு, தண்ணீர் பாட்டில், ஊறுகாய், முறுக்கு, குமட்டல் மாத்திரை எல்லாம் கையில் இருக்கட்டும். புளியோதரை முதல் நாளைக்கு மட்டும் தாங்கும். கரை மறைந்து சில மணி நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். கப்பல் தாமதமாகக் கிளம்புவது புதிதல்ல. அதனால் போக கப்பல், வர விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மறுநாள் வேலையில் சேர வேண்டியவர்கள் கப்பலை நம்பக் கூடாது.

கப்பலில் உடன் வருபவர்களில் பலர் தீவுக்காரர்கள். சென்னையில் படிக்கும் பிள்ளைகள், சிகிச்சைக்கு வந்து திரும்புகிறவர்கள். நம் கரையை அவர்கள் ‘மெயின்லேண்ட்’ என்பார்கள். மூன்று நாள் அவர்களோடு பேசிக்கொண்டு போனால் தீவைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு வேறு ஆசிரியர் வேண்டாம்.

படகுக் கணக்கு: இங்கேதான் பணம் போகும்

தீவுக்குத் தீவு போவதற்கு அரசுப் படகும் கேடமரன் எனப்படும் தனியார் விரைவுப் படகும் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தனியார் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் வரை. ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரம். அரசுப் படகில் கட்டணம் பல மடங்கு குறைவு, ஆனால் அது முதலில் தீவு மக்களுக்கான போக்குவரத்து. மருத்துவமனைக்குப் போகிறவரின் இடத்தை நாம் பிடிக்கக் கூடாது; வசதி உள்ளவர்கள் தனியார் படகிலேயே போய்விடுங்கள். ஆதார் போன்ற அசல் அடையாள அட்டை இல்லாமல் ஏற முடியாது.

பயணத்தை அடுக்குவதில் ஒரே ஒரு விதி: சென்னை விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். காலையில் நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்று போட்ட திட்டங்கள் ஒரே ஒரு காற்று நாளில் கவிழ்கின்றன. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறினால் படகு கிளம்பாது. விமானக் கட்டணம் திரும்பி வராது.

ஆறு இரவுக்கு நன்றாக உட்காரும் அடுக்கு இது. முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி, மாலை செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக். அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் நீல். ஓர் இரவு போதும், இரண்டு இருந்தால் சுகம். ஐந்தாம் நாள் மாலைக்குள் போர்ட் பிளேர் திரும்பி, ஆறாம் நாளை பக்கத்திலுள்ள வண்டூர் அல்லது சிடியா டாப்புக்கு வைத்துக்கொண்டு, ஏழாம் நாள் காலை விமானம். அந்த ஆறாம் நாள்தான் காப்பு. படகு ரத்தானால் அதை விழுங்கிக்கொள்ளும்.

படகில் குமட்டுகிறவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். மூக்குப் பகுதிதான் அதிகம் துள்ளும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சாப்பிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது. குமட்டல் மாத்திரையையும் அப்போதே, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியபடி, போட்டுவிடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.

நாள்காட்டியைக் கிழிக்கும்போது ஓதத்தையும் பாருங்கள்

சென்னைக்காரர்களுக்குப் புரியாமல் போவது இதுதான். மெரினாவில் கடல் எப்போது போனாலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். சில அடி ஏறி இறங்கினாலும் சரிவான மணலில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். கரைக்கு முன்னால் இருப்பதோ தட்டையான பவளத்திட்டு. அதனால் காலையில் ஜன்னல் வழியே நீலமாகத் தெரிந்த கடல் பகலில் நூறு இருநூறு மீட்டர் பின்வாங்கி, சேறும் செத்த பவளமும் கடற்புல்லும் கிடக்கும். ‘பீச் ரிசார்ட்’ என்று ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம் அறை எடுத்தவர்கள் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று புலம்புவது இதனால்தான். யாரும் ஏமாற்றவில்லை. அது ஓதத்தின் வேலை.

கணக்கு எளிது. கடல் ஏறி நிற்கும் ஏற்றத்திலிருந்து வடிந்து நிற்கும் வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு வற்றம் என்றால் நாளை 9.50, நாளை மறுநாள் 10.40. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் அதிகம்; அஷ்டமியை ஒட்டிக் குறைவு. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டி திதியைச் சொல்லிவிடும். நேரத்தை ஓத அட்டவணையில் பாருங்கள், அல்லது தங்கும் விடுதியில் கேளுங்கள். மீன்பிடிப்பவர் எவரும் மனப்பாடமாகச் சொல்வார்.

இதை வைத்து இடங்களை இப்படிப் பிரியுங்கள். ஹேவ்லாக்கின் மேற்குக் கரை ராதாநகர், ஆழமான மணல் கடற்கரை. எந்த ஓதத்திலும் குளிக்கலாம், மாலைச் சூரியனும் அங்கேதான். ஜெட்டியிலிருந்து சுமார் 12 கி.மீ., அரசுப் பேருந்தும் போகும். கிழக்குப் பக்கம் காலாபத்தர், விஜய் நகர் எல்லாம் ஏற்றத்தின்போது காலையில். நீல் தீவின் பரத்பூரில் கண்ணாடித் தளப் படகும் ஸ்நார்கெலும் (மூச்சுக்குழாய் வைத்து நீந்துவது) ஏற்றத்தில் செய்ய வேண்டியவை. லட்சுமண்பூர் பக்கத்துப் பாறைப் பாலத்துக்கு வற்றத்தில் மட்டுமே நடந்து போக முடியும். அந்த ஒரு இடத்துக்காக நீல் தீவின் நாளையே ஓதத்தை வைத்து வகுக்கலாம். தவறான நேரத்தில் போனால் தண்ணீரில் நிற்கும் பாறையின் ஓரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பாலத்துக்குப் போகும் வழியில் அவசரப்படாதீர்கள். பாறைக் குழிகளில் தேங்கிய முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு கடலே சுருங்கிக் கிடக்கும். கறுத்த வெள்ளரிக்காய் போல அசையாமல் கிடப்பது கடல் அட்டை. பாறைக்கிடையில் நெளியும் மெல்லிய ஐந்து வால்கள் ஒரே உயிரின் கைகள், நொறுங்கு நட்சத்திரம். ஊதாவும் பச்சையும் கலந்த உதட்டைத் திறந்து வைத்திருப்பது ராட்சதச் சிப்பி. உங்கள் நிழல் விழுந்ததும் மூடிக்கொள்ளும். ரப்பர் அடி கொண்ட செருப்பு அவசியம், பின்வார் இல்லாத ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும். உயிருள்ள பவளத்தை மிதிக்காமல் மணலிலும் வெற்றுப் பாறையிலும் காலை வையுங்கள். கையை விட்டுத் துழாவ வேண்டாம். கல் போலவே கிடக்கும் கல்மீனின் முள்ளில் விஷம் உண்டு.

தண்ணீரில் இறங்கும் முன்

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுக் கலனோடு மூழ்குவதை, முதல்முறை செய்பவர்களை அதிகபட்சம் 12 மீட்டருக்குக் கீழே இறக்கக் கூடாது. பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். உங்களுக்கென்று ஒருவர் கூடவே இருந்தால் மட்டும் இறங்குங்கள். சளி பிடித்திருந்தால் வேண்டாம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்தபடியே இறங்க வேண்டும். சளியில் மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் அடைத்திருக்கும், செவிப்பறை கிழியலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் மருத்துவர் எழுதித் தராமல் கூடாது. படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு இறங்குவது உயிரோடு விளையாட்டு.

இறங்கிய பிறகு விமானம் ஏற 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரே போனால் குமிழாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். அதனால் ஸ்கூபாவை ஹேவ்லாக்கின் முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உவர்நீர் முதலை உண்டு. 2010ல் ராதாநகர் பக்கத்து நீல்ஸ் கோவ் கடலில் ஒரு பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை வந்து கலக்கும் இடத்திலும், அந்தி சாய்ந்த பிறகும் இறங்காதீர்கள். வலை கட்டிய பகுதி இருந்தால் அதற்குள்ளேயே நில்லுங்கள்.

மணல் ஈ சின்ன விஷயம் போலத் தோன்றும். கடித்தது மறுநாள்தான் தெரியும், ஒரு வாரம் அரிக்கும். விடியலிலும் அந்தியிலும் மணலில் நேரடியாக உட்காராமல் தடித்த விரிப்பில் உட்காருங்கள். காலில் கொசு விரட்டிக் களிம்பு தடவுங்கள். கடித்த இடத்தைச் சொறியாதீர்கள், சொறிந்தால் புண்ணாகும்.

செல்லுலார் சிறை

1896ல் தொடங்கி 1906ல் கட்டி முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு கிளைகள். இன்று மிஞ்சியவை மூன்று. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி கட்டப்பட்டவை, எதிரே எந்தக் கைதியின் முகமும் தெரியாது. அறையின் அளவு பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி; தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சிறு சாளரம். ஒரு அறைக்குள் தனியாகப் போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கதவின் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: கம்பிக்கு வெளியே, சுவரில் ஒரு மாடத்துக்குள், உள்ளிருந்து கை எட்டாத இடத்தில். அங்கே மாலையில் நடக்கும் ஒளி-ஒலிக் காட்சியைவிட அந்தத் தாழ்ப்பாள் அதிகம் சொல்லும். பகலில் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

சிறைக்கு எதிரே கடலில் தெரியும் ரோஸ் தீவு ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது. தேவாலயச் சுவர்களை ஆலமர வேர்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அரை நாள் போதும்.

பார்க்கப் போகக் கூடாத இடங்கள்

கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல், நிக்கோபாரியர், ஷோம்பென் என்று ஆறு பழங்குடிகள் இந்தத் தீவுகளின் சொந்தக்காரர்கள். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அவர்கள் நிலத்தைக் காக்கிறது. வடக்கு சென்டினலை நெருங்கவே கூடாது. நிக்கோபாரின் காப்பகப் பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்க என்று கேட்டால் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் வருவது பாராடாங் தீவு விஷயத்தில். சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போகும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கி.மீ. ஜாரவாக்களின் காட்டுக்குள் ஓடுகிறது. காவலோடு வரிசையாகத்தான் வண்டிகள் விடப்படும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் நீட்டக் கூடாது, மீறினால் சிறை. காப்பகத்துக்குள் இந்தச் சாலையை மூடும்படி 2002லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன; விடியற்காலை 3 மணிக்கு எழுப்பி அழைத்துப் போகும் பேக்கேஜில் ‘ஜாரவா தெரியலாம்’ என்று காதில் சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். வெளியாரின் சாதாரணத் தட்டம்மைகூட அந்த மக்களைச் சாய்த்துவிடும். குகைக்காக மட்டும் அந்தச் சாலையில் போவது தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. வடக்கே போக ஆசையிருந்தால் ரங்கத்துக்கும் திக்லிபூருக்கும் அரசுக் கப்பல் இருக்கிறது.

அந்த மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள போர்ட் பிளேரின் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு முதல் நாளிலேயே போங்கள். ஒரு ஓங்கே படகும் ஒரு நிக்கோபாரி வீட்டு மாதிரியும், வண்டி ஜன்னல் சொல்லாததைச் சொல்லும்.

சுனாமி விட்டுப்போன அடையாளம்

2004 டிசம்பர் 26 சென்னைக்கும் மறக்காத நாள். ஆனால் நம் கரையைத் தாக்கியது அலைதான். அங்கே நிலமே அசைந்தது. வடக்கு அந்தமான் ஒரு மீட்டருக்கு மேல் எழும்பிப் பவளப்பாறைகள் காற்றில் செத்தன. தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கிறது. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே போகும் சாலையில் சிப்பிகாட் அருகே வண்டியை நிறுத்துங்கள். ஏரி போலத் தெரிவது ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்களைப் பார்க்கலாம். அதைத் தாண்டி சிடியா டாப்பு போனால் பறவையும் அந்தியும்.

வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் ஜாலி பாய் தீவுக்குப் படகு உண்டு. பவளம் தேறட்டும் என்று ஜாலி பாயும் ரெட் ஸ்கின் தீவும் ஆண்டில் மாற்றி மாற்றித் திறக்கப்படுகின்றன. ஜாலி பாய் ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை. திங்களன்று விடுமுறை. பிளாஸ்டிக் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

கையில் பத்து நாளுக்கு மேல் இருப்பவர்கள் திக்லிபூர் போகலாம். ஏரியல் பே ஜெட்டியிலிருந்து ரோஸ்-ஸ்மித் இரட்டைத் தீவுகள்; வற்றத்தில் வெள்ளை மணல் திட்டு இரண்டையும் இணைக்கும், அங்கும் ஓதக் கணக்குதான். கலிப்பூர் கரையில் குளிர்காலத்தில் ஆமைகள் முட்டையிடும். வனத்துறை ஆள் இல்லாமல் இரவில் போகாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

பணம், போன், சாப்பாடு

போர்ட் பிளேரில் ஏ.டி.எம். தாராளம், ஹேவ்லாக்கில் சில, நீலில் நம்ப முடியாது. மூன்று நாள் செலவுக்குரிய ரொக்கத்தோடு படகு ஏறுங்கள். சென்னையிலிருந்து கடலடி ஒளியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு போனும் இணையமும் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் படகு டிக்கெட்டையும் அறை ரசீதையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் அங்கே பெரிய மொழிகளில் ஒன்று. கடையில், ஆட்டோவில் தமிழில் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள், பாதி நேரம் தமிழிலேயே பதில் வரும். இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. காய்கறியில் கணிசமான பங்கு கப்பலில் வருவதால் விலை சென்னையைவிடக் கூடுதல். மீனை உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள்.

திரும்பும்போது பை

பவளத்துண்டு, சங்கு, சிப்பி எதையும் கரையிலிருந்து எடுத்து வராதீர்கள், செத்தது என்றாலும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் பல சங்கு வகைகளையும் காக்கிறது. போர்ட் பிளேர் விமான நிலையத்து ஸ்கேனரில் கல் போன்றது எல்லாம் தெரியும். பையைப் பிரித்துக் கொட்டச் சொல்வார்கள், வழக்கும் வரலாம். குழந்தைகள் காற்சட்டைப் பையில் போட்டு வைத்திருப்பதுதான் அடிக்கடி மாட்டுகிறது. விடுதியை விட்டுக் கிளம்பும் முன் பிள்ளைகளின் பைகளை உதறி, கிடைத்ததைக் கரையிலேயே போட்டுவிடுங்கள். சிப்பிப் பொருள், படாக் மரச் சாமான் வாங்க ஆசை என்றால் அரசின் சாகரிகா விற்பனை நிலையத்தில் வாங்கி, ரசீதைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் கேட்பது அதைத்தான்.